மாயாவிக்கு மார்க் போடும் முன், வரைந்தவர் பேரைக் கேளுங்க

பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் பத்திரமா வச்சிருக்கும் நண்பர்களுக்காக இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

கொஞ்ச நாளா இன்பாக்ஸில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "டாக்டர், என்கிட்ட அப்பா காலத்து முத்து காமிக்ஸ் இருக்கு. அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் பண்ணலாமா? ஒருத்தர் எல்லார்கிட்டயும் வாங்கி மொத்தமா அனுப்பித் தர்றேன்னு சொல்றார்."

என் பதில்: அனுப்பாதீங்க. குறைந்தபட்சம் இப்போ அனுப்பாதீங்க.

ஏன்னு சொல்றேன். காமிக்ஸ் விஷயத்துல நான் பட்டம் வாங்கினவன் இல்லை, மருத்துவத்திலேயே வெறும் எம்.பி.பி.எஸ் தான். ஆனா கேஸ் ஷீட் எழுதி எழுதிக் கை பழகினவன். இதுவும் ஒரு கேஸ் ஷீட் பிரச்சினை.

முதலில் கிரேடிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துல சாரசோட்டாவில் சி.ஜி.சி. என்று ஒரு நிறுவனம். 2000-ல் ஆரம்பிச்சது. உங்க காமிக்ஸை ஃபாரம் நிரப்பி, கட்டணம் கட்டி அனுப்பணும். அவங்க முதுகு மடிப்பு, மூலை, பின் துரு, கறை, பக்கத்தோட நிறம் எல்லாம் பார்த்து 0.5-லிருந்து 10 வரை ஒரு மார்க் போடுவாங்க. அப்புறம் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வச்சு மூடி, மேல லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவாங்க. சாதாரண லேபிள் நீலம். பழுது பார்த்து ஒட்டு போட்டிருந்தா ஊதா. அவங்க ஆள் கண் முன்னாடி படைப்பாளி கையெழுத்து போட்டிருந்தா மஞ்சள். பெட்டியை உடைச்சா மார்க் செல்லாது.

இது மோசடி இல்லை. அதை முதல்லயே சொல்லிடறேன். முன்பின் தெரியாத ரெண்டு பேர் பல லட்சத்துக்கு ஒரு பழைய புத்தகத்தைக் கைமாற்றும்போது, நடுவுல ஒரு மூணாவது ஆள் "இது நிஜம், இந்த நிலையில் இருக்கு"ன்னு சொல்றது நியாயமான ஏற்பாடு. சூப்பர்மேன் முதன்முதல்ல வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 1938-ல் வந்தது, 8.5 மார்க் வாங்கின ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அந்த சந்தைக்கு அந்த மார்க் தேவை.

நமக்குத் தேவையா? அதுதான் கேள்வி.

எங்க வேலையில் ஒரு நோயாளியை நினைவில்லாம தூக்கிட்டு வந்தா மயக்க நிலைக்கு ஒரு ஸ்கோர் போடுவோம். 3-லிருந்து 15 வரை. ரொம்ப உபயோகமான ஸ்கோர். ஆனா ஆள் யாருன்னு அந்த ஸ்கோர் சொல்லாது. பேர் தெரியலைன்னா "பெயர் தெரியாத ஆண், சுமார் 45 வயது"ன்னு எழுதி, அங்க அடையாளம் ரெண்டு குறிச்சு, போலீஸுக்குத் தகவல் சொல்லணும். ஸ்கோர் போட்டாச்சு, பேர் எதுக்குன்னு எந்த டாக்டரும் விட முடியாது.

நம்ம பழைய தமிழ் காமிக்ஸ் மொத்தமுமே பெயர் தெரியாத நோயாளிகள் வார்டு. அதுல போய் 7.5, 8.0ன்னு ஸ்கோர் போட்டுக்கிட்டிருக்கோம்.

சந்தேகமா இருந்தா கையில் இருக்கும் பழைய இதழ் ஒண்ணைப் புரட்டிப் பாருங்க. பதிப்பாளர் பேர் இருக்கும், அச்சகம் இருக்கும், விலை இருக்கும், அடுத்த வெளியீட்டு விளம்பரம் கொட்டை எழுத்துல இருக்கும். படம் வரைஞ்சது யார்? கதை எழுதினது யார்? தமிழில் மொழிபெயர்த்தது யார்? அந்தப் பலூனுக்குள்ள அழகா கையால எழுத்து எழுதினது யார்? அட்டைப் படம் யார்? பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்துச்சு. இரும்புக்கை மாயாவி. சௌந்தரபாண்டியன் அவர்கள் ஆரம்பிச்சது. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மாயாவியைத் தெரியாத காமிக்ஸ் வாசகர் தமிழ்நாட்டில் கிடையாது. ஜீசஸ் பிளாஸ்கோவைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? பார்சிலோனாக்காரர். அந்த மின்சாரப் பாய்ச்சலையும், உடம்பு மறைஞ்சு கை மட்டும் காத்துல மிதக்கிறதையும் வரைஞ்சவர் அவர்தான். கதையை ஆரம்பிச்சு வச்சவர் கென் பல்மர் என்ற இங்கிலாந்து அறிவியல் புனைகதை எழுத்தாளர். பின்னாடி டாம் டல்லி எழுதினார். 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய வேலியன்ட் வார இதழில் வந்த தொடர்.

இதுல சிவகாசியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வேலியன்ட் இதழிலேயே அந்தப் பேர்கள் இல்லை. அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்கள் வழக்கமா படைப்பாளி பேர் போடாது, ஓவியர் ஓரத்துல கையெழுத்து போட்டிருந்தா அதையும் அழிச்சிடுவாங்க. 1977-ல் ஆரம்பிச்ச 2000 ஏ.டி. இதழ் பேர் போட ஆரம்பிச்ச பிறகுதான் அங்கே நிலைமை மாறிச்சு. ஆக, இல்லாத பேரோட லண்டனிலிருந்து கிளம்பி, இல்லாத பேரோடவே நம்ம கைக்கு வந்து சேர்ந்திருக்கு.

இப்போ அந்தப் பேர்கள் நமக்குத் தெரியுதுன்னா, அது கிரேடிங் போட்டதால தெரியலை. பைத்தியக்காரத்தனமா உட்கார்ந்து, பழைய இதழ்களைப் பக்கம் பக்கமா ஒப்பிட்டு, உயிரோட இருந்த ஓவியர்களையும் எடிட்டர்களையும் போய்க் கேட்ட ரசிகர்களால தெரியுது.

ஸ்பைடர் விஷயத்துக்கு வாங்க. நம்ம குழுக்களில் அடிக்கடி வரும் பதிவு: "சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல் உருவாக்கியதே நம்ம ஸ்பைடர்!" இதுக்கு ஆயிரம் லைக். பாதி உண்மை. ஸ்பைடரை 1965-ல் லண்டன் லயன் இதழில் தொடங்கியவங்க எழுத்தாளர் டெட் கோவனும் ஓவியர் ரெக் பன்னும். சீகல் அதுக்கப்புறம் வந்து நிறைய கதைகள் எழுதினார். பேர் பெரிய பேரா இருக்கிறதால மொத்தத்தையும் அவர் கணக்கில் எழுதியாச்சு. ரெக் பன்? அந்தக் கூர்க்காதையும் வலைத் துப்பாக்கியையும் வரைஞ்ச மனுஷனுக்கு ஒரு லைக் கிடையாது.

சீகல் இதைக் கேட்டா என்ன நினைச்சிருப்பார்? சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவங்க. அப்புறம் வழக்கு, வறுமை. பல வருஷம் அவங்க பேரே சூப்பர்மேன் கதையில் வரலை. 1975 கடைசியில் ஊரே சத்தம் போட்ட பிறகுதான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் பென்ஷனும், "உருவாக்கியவர்கள்" என்ற வரியும் கிடைச்சது. 130 டாலர் ஒருபக்கம், 60 லட்சம் டாலர் இன்னொரு பக்கம். மார்க் போட்ட பெட்டிக்குள்ள இருக்கிறது அவங்க உழைப்பு, பெட்டியை வித்த காசு வேற யாருக்கோ. அதையாவது விடுங்க, சந்தை அப்படித்தான். பேர் கூடவா?

இப்போ நம்ம புத்தகம் சாரசோட்டா போகுதுன்னு வச்சுக்கங்க. லேபிளில் தலைப்பு, இதழ் எண், பதிப்பகம், மாதம், கதை யார், ஓவியம் யார்னு வரணும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருத்தர் முன்னாடி "மாயாவி"ன்னு ஒரு அட்டை இருக்கு. எந்த மாயாவி? முத்துவில் மாயாவின்னா இரும்புக்கைக்காரர், பிளாஸ்கோ. ராணி காமிக்ஸில் மாயாவின்னா முகமூடி போட்ட ஃபேண்டம், லீ ஃபாக். அதே ஃபேண்டம் முத்துவில் வேதாளன். நம்ம ஊர்ல ரெண்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரிஞ்ச இந்த வித்தியாசம் அங்கே யாருக்குத் தெரியும்?

லீ ஃபாக்னு சொல்லிட்டாலும் வேலை முடியலை. 1936-ல் ஆரம்பிச்ச ஃபேண்டமுக்குக் கதை எழுதினவர் அவர். படம் முதலில் ரே மூர், அப்புறம் வில்சன் மக்காய், 1960-களிலிருந்து சை பாரி. மூணு பேர் கோடும் மூணு விதம். டைம்ஸ் ஆஃப் இந்தியா 1964-ல் ஆரம்பிச்ச இந்திரஜால் காமிக்ஸ்ல நம்மளை வாங்க வச்ச அந்த அட்டைகளை வரைஞ்சவர் பி. கோவிந்த் என்ற இந்தியர். விற்பனைப் பதிவுகளில் பார்க்கிறேன், எல்லாத்துக்கும் "ஓவியம்: லீ ஃபாக்". ஜுரம்னு வந்த எல்லாருக்கும் டைபாய்டுன்னு எழுதுற கதைதான்.

அப்போ லேபிளில் போடுற பேரை யார் கொடுக்கப் போறா? அனுப்புற நீங்க, இல்லைன்னா உங்களுக்காக அனுப்புற அந்த ஒருத்தர், இல்லைன்னா இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு பதிவு. நீங்க குத்துமதிப்பா சொன்ன பேர் பிளாஸ்டிக்குக்குள்ள போய் உட்கார்ந்ததும் அது "சான்றிதழ்" ஆயிடும். அடுத்தவர் அந்த லேபிளைப் பார்த்து எழுதுவார். பத்து வருஷத்துல அதுதான் வரலாறு.

இன்னொரு விஷயம் எனக்கு நிஜமாவே கோபம் வர வைக்குது. பெட்டிக்குள் போன புத்தகம் வாய் திறக்காது.

கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இதைப் பெருசா விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். முதுநகர் பக்கமும் ஆத்தோரமும் எத்தனை வீட்டுப் பரண் நனைஞ்சதுன்னு யாரும் கணக்கு எடுக்கலை. ரேஷன் கார்டு, பத்திரம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போனதுக்கு மனு கொடுத்தோம். காமிக்ஸ் போனதுக்கு யார்கிட்ட மனு கொடுக்கிறது? அதுக்கு மேல நம்ம உப்புக்காத்து. மரக்கூழ் காகிதம் தானாவே பழுத்து நொறுங்கும், பின் துருப்பிடிச்சு நடுப்பக்கத்தைத் தின்னும், மிச்சத்தைக் கரையானும் வெள்ளிப்பூச்சியும் பார்த்துக்கும். இத்தனைக்கும் தப்பிச்ச பிரதிகள் கொஞ்சம். சில இதழ்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்கிட்டதான் இருக்கு.

அப்படித் தப்பிச்ச ஒண்ணை, ஒரு பக்கம்கூட ஸ்கேன் எடுக்காம, உள் அட்டையைப் போட்டோ எடுக்காம, ஓரத்துல கையெழுத்து இருக்கான்னு பார்க்காம நிரந்தரமா மூடி, "8.0"ன்னு அலமாரியில் வைக்கிறது பாதுகாப்பா? எனக்கு அது சாட்சியை அறைக்குள்ள போட்டுப் பூட்டுற மாதிரி இருக்கு.

சிதம்பரத்துக்காரனா இதைச் சொல்லாம இருக்க முடியலை. பூட்டின அறைக் கதை எங்க ஊருக்குப் புதுசு இல்லை. தேவார ஏடுகள் தில்லையில் ஒரு அறைக்குள்ள இருந்ததையும், ராஜராஜன் வந்து திறக்கச் சொன்னதையும் திருமுறை கண்ட புராணம் சொல்லுது. பாடின மூவரும் வந்தால்தான் திறப்போம்னு பதில் வந்துச்சாம். ராஜா மூவர் திருமேனிகளையும் ஊர்வலமா கொண்டுவந்து நிறுத்தி, "வந்துட்டாங்க, திறங்க"ன்னாராம். உள்ளே பார்த்தா புற்று மூடி, பெரும்பகுதி கரையான் தின்னாச்சு. புராணம்தான், அப்படியே வரலாறா எடுத்துக்க வேண்டாம். ஆனா அந்தக் கதை சொன்னவங்க புத்தி எங்கே இருந்துச்சுன்னு பாருங்க. ஏடு எத்தனை மார்க் நிலையில் இருக்குன்னு யாரும் கேட்கலை. பாடினவன் எங்கேன்னு கேட்டாங்க.

பாடினவங்களும் உஷாரானவங்க. சம்பந்தர் பதிகக் கடைசிப் பாட்டில் தன் பேரை வச்சிடுவார். நம்ம மாவட்டத்துக்காரர் அப்பர் பேர் வைக்க மாட்டார், ஆனா கடைசிப் பாட்டில் பெரும்பாலும் ராவணன் மலையைத் தூக்கி மாட்டிக்கிட்ட கதை வந்துடும். அதுவே ஒரு அங்க அடையாளம். சங்க இலக்கியத்திலும் பேர் தெரியாம போன புலவரை அனாதையா விடலை, அவர் பாட்டில் வந்த அழகான தொடரையே பேராக்கி செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார்னு குறிச்சு வச்சிருக்காங்க. குறுந்தொகையைப் பதிப்பிச்ச உ.வே.சா. 1920-களில் இதே சிதம்பரத்துல மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வரா இருந்தவர். கரையான் அரிச்ச ஏட்டுல விட்டுப்போன எழுத்து எது, பாடினவர் யார்னு ஒரு ஆயுள் முழுக்கத் தேடின மனுஷன். அந்த ஊர்ல இருந்துகிட்டு "டாக்டர், 9.0 கிடைக்குமா"ன்னு கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?

வெளிநாட்டு உதாரணம் வேணும்னா, டொனால்ட் டக். டிஸ்னி காமிக்ஸ்லயும் வரைஞ்சவர் பேர் கிடையாது. எல்லாம் டிஸ்னிதான் வரையறார்னு குழந்தைகள் நம்பிச்சு. ஆனா சில கதைகள் மட்டும் தனியா ஒளிருதுன்னு ரசிகர்கள் கண்டுபிடிச்சாங்க. பேர் தெரியாததால "நல்ல வாத்து ஓவியர்"னே கூப்பிட்டாங்க. 1960-ல் ஒரு ரசிகர் விடாம விசாரிச்சு அவர் பேர் கார்ல் பார்க்ஸ்னு கண்டுபிடிச்சு கடிதம் போட்டார். அதுக்கப்புறம் அந்த ஓவியர் 40 வருஷம் வாழ்ந்தார், தன் பேருக்கான மரியாதையைத் தானே பார்த்துட்டுப் போனார்.

நம்ம ஓவியர்களுக்கு அந்த 40 வருஷம் இல்லை. 1970, 80-களில் சிவகாசியிலும் சென்னையிலும் அட்டை வரைஞ்சவங்க, பலூன் எழுதினவங்க, படத்தைத் தமிழுக்கு ஏத்த மாதிரி ஒட்டி வெட்டினவங்க, இருந்தா இப்போ 70, 80 வயசு. வெளிநோயாளர் பிரிவில் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிக்கிற வயசு. அம்புலிமாமாவில் விக்ரமன் வேதாளத்தைத் தோளில் போட்டு நடக்கிற படத்தை வரைஞ்ச சங்கர் 2020-ல் காலமானார். அவர் படத்துல கையெழுத்து போட்டதால பேர் நின்னுச்சு. முத்து காமிக்ஸ் ஆரம்ப காலத்துல ஆசிரியரா இருந்த முல்லை தங்கராசன் பேர் பழைய வாசகர்கள் சொல்லிச் சொல்லித்தான் இன்னைக்கும் இருக்கு. லயன் அட்டைகளை வரைஞ்ச மாலையப்பன் பேர் நமக்குத் தெரியும், காரணம் ஆசிரியர் விஜயன் வாசகர்கிட்ட மனசு விட்டுப் பேசுறவர். சொல்ல ஆளில்லாத மத்தவங்க?

"கையெழுத்து வாங்கி அனுப்பினா மதிப்பு கூடுமே டாக்டர்"னு ஒருத்தர். சரி, ஒரு வயசான ஓவியரை நீங்க அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்து, அவர் வரைஞ்ச அட்டையில் கையெழுத்து வாங்குறீங்க. மஞ்சள் லேபிளுக்கு அது செல்லாது, அவங்க ஆள் பக்கத்துல இல்லை. பின்னாடி சரிபார்க்கணும்னா ஒப்பிட மாதிரிக் கையெழுத்து வேணும், அவர் கையெழுத்து மாதிரி உலகத்துல யார்கிட்டயும் இல்லை. சரிபார்க்க முடியாத கையெழுத்து அந்தக் கணக்குல அட்டை மேல கிறுக்கல். வரைஞ்சவனே தன் படத்துல பேர் எழுதினா மார்க் குறையும். வாடகை நூல் நிலைய முத்திரையும் அப்படித்தான். "இப்புத்தகம் ராஜேந்திரன், ஆறாம் வகுப்பு ஆ பிரிவு"ன்னு பேனாவில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். என் கண்ணுக்கு அது எல்லாம் நோயாளியோட பழைய மருத்துவக் குறிப்பு. எந்த ஊர்ல இருந்துச்சு, யார் கை பட்டுச்சு, எத்தனை பைசாவுக்கு வாடகைக்குப் போச்சுன்னு அதுலதான் தெரியும்.

"பெட்டியில் இருந்தா போலி பயம் இல்லையே"ன்னு இன்னொருத்தர். 2023 கடைசியில் பழைய பெட்டியை மாத்தித் தர்ற சேவையைப் பயன்படுத்தி, உள்ளே இருந்த உயர் மார்க் புத்தகத்தை எடுத்துட்டு மட்டமான பிரதியை வச்சு வித்த விவகாரம் வெடிச்சு, சி.ஜி.சி.யே அறிக்கை விட வேண்டி வந்தது. அமெரிக்க இதழுக்கே அந்தக் கதி. முத்துவில் வந்த கதைகள் மறுபதிப்பா எத்தனை தடவை வந்திருக்குன்னு நமக்குத் தெரியும். முதல் பதிப்பா மறுபதிப்பா என்பதை விலை, வரிசை எண், முகவரி, அடுத்த இதழ் விளம்பரம் பார்த்து சொல்லக்கூடியவர் சேலத்துலயோ மதுரையிலயோ இருக்கும் ஒரு பழைய வாசகர். ஃபுளோரிடாவில் இல்லை.

காசு விஷயம் ஒரே வரி: கட்டணம், கூரியர், இன்சூரன்ஸ், திரும்பி வரும்போது கஸ்டம்ஸ், நடுவுல கமிஷன், எல்லாத்தையும் கூட்டிட்டு, இங்கே அந்தப் பெட்டியை வாங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு நிதானமா யோசிங்க.

அப்போ என்னதான் செய்றது?

கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்னு தன்னார்வலர்கள் 1994-லிருந்து நடத்துற ஒரு பட்டியல் இருக்கு. கதை, பென்சில், மை, எழுத்து, அட்டைன்னு தனித்தனிக் கட்டம். அதுல எனக்குப் பிடிச்சது அவங்க போடுற கேள்விக்குறி. பேர் உறுதி இல்லைன்னா பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுடுவாங்க. நாங்க கேஸ் ஷீட்டில் தற்காலிக நோயறிதல்னு எழுதுற மாதிரி. டெஸ்ட் ரிசல்ட் வந்தா மாத்திக்கலாம். அந்தக் கேள்விக்குறிக்கு இருக்கிற நேர்மை பிளாஸ்டிக் லேபிளுக்கு இல்லை.

அந்தக் கட்டங்களைத் தமிழ் இதழ்களுக்கும் நாம நிரப்பணும். கதை எந்த ஆங்கில, பிரெஞ்சு, இத்தாலியத் தொடர்? மூல ஓவியர் யார், எதை வச்சு சொல்றீங்க, கையெழுத்தா, மூல இதழ் ஒப்பீடா, பாணியை வச்சு ஊகமா? தமிழ் யார்? அட்டை இங்கே புதுசா வரைஞ்சதா, மூல அட்டையா? தெரியாததுக்குத் தெரியாதுன்னே எழுதுங்க. இப்போ வர்ற லயன், முத்து இதழ்களில் படைப்பாளிகள் பேர் அச்சாகுது, அதனால மறுபதிப்பை எடுத்து வச்சுப் பழசோட ஒப்பிட்டாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதி, உயிரோட இருக்கிறவங்களைத் தேடிப் போய்க் கேட்கிறது. அதைச் செய்ய ஃபுளோரிடா போக வேண்டியதில்லை, சிவகாசிக்கு பஸ் இருக்கு.

இதெல்லாம் முடிச்ச பிறகும் பெட்டியில் போடணும்னு ஆசை இருந்தா போடுங்க. உங்க புத்தகம், உங்க காசு. ஸ்கேன் வெளியே இருக்கும், பேர் வெளியே இருக்கும், அப்புறம் பெட்டி உள்ளே என்ன ஆனா எனக்கென்ன.

முத்துவின் முதல் ஐம்பது இதழ்களில் எது உங்ககிட்ட இருந்தாலும், இன்னைக்கு ராத்திரியே உள் அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்க. ஃபிளாஷ் வேண்டாம், பகல் வெளிச்சம்னா இன்னும் நல்லது. அட்டைப் படத்தோட நாலு மூலையையும் தனித்தனியா கிட்டத்துல எடுங்க. வலது கீழ் மூலையை ரெண்டு தடவை எடுங்க, அங்கதான் சின்னதா ஒரு கையெழுத்து ஒளிஞ்சிருக்கும். பழைய அட்டையை விரிச்சு அழுத்த வேண்டாம், பின் பக்கத்துல கிழியும்.

(ஞாயிறு எனக்கு கேஷுவால்டி. திங்கள் கமெண்ட் எல்லாம் படிச்சு பதில் போடுறேன்.)